இரண்டரை நாழிகை வழி

உறையூர், திருச்சி.

அன்புள்ள தேன்மொழி,

வாட்ஸப்பில் நீ கேட்ட கேள்விக்குக் கட்டைவிரலால் பதில் தட்ட எனக்குப் பொறுமை இல்லை. அதனால் தபால். உன் அம்மாவும் இப்படித்தான். கல்லூரியில் மணி அடித்த பிறகு, நான் புத்தகத்தை மூடிய பிறகு, வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்பாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் போய்விடும்.

நீ எழுதியதை அப்படியே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். "தாத்தா, திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏர்போர்ட் 184 கிலோமீட்டர். ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அப்போ 22 நிமிஷம்தான். டிக்கெட்ல ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு. மீதி 38 நிமிஷம் எங்கே போகுது?"

மீதி 38 நிமிஷம் எங்கே போகிறது! இரண்டு நாளாக இதுதான் காதில் ஒலிக்கிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கணக்கில் தவறில்லை. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து நானும் போட்டுப் பார்த்தேன். 184 கிலோமீட்டர்தான். கடல் மைலில் 99. நீ வகுத்ததும் சரி. தவறு அந்த 500-இல் இருக்கிறது.

செல்போனில் தேடினால் இன்னொரு விடை வரும், அதையும் பார்த்திருப்பாய். தூரத்தை 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, மேலே அரை மணி நேரத்தைச் சேர்த்து "பயண நேரம் 44 நிமிடம்" என்று சொல்லும். டில்லிக்கும் அதே அரை மணி, லண்டனுக்கும் அதே அரை மணி. எந்தக் குழம்பானாலும் மேலே கறிவேப்பிலை தூவுகிற மாதிரி. யாழ்ப்பாணம் விமான நிலையம் இருக்கிற பலாலியின் ஓடுபாதைக்கு வருவது சுழல்விசிறி வைத்த ஏடிஆர். அது 800-இல் போகாது என்பதுகூட அந்தக் கணக்குக்குத் தெரியாது. இப்படி வந்த விடையைப் பிள்ளைகள் திட்ட அறிக்கையில் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள், ஆசிரியர்களும் சிவப்பு மையில் டிக் போடுகிறார்கள். சரி, அது என் எரிச்சல். உன் 38 நிமிடத்துக்கு வருவோம்.

விமானம் 15,000 அடி உயரத்துக்கு ஏறுவதாக வைத்துக்கொள். நிமிடத்துக்குச் சராசரி 1,000 அடி ஏறினால் 15 நிமிடம். ஏறும்போது எஞ்சினின் பலத்தில் ஒரு நல்ல பங்கு எடையைத் தூக்கப் போய்விடுகிறது. முன்னே போகும் வேகம் சராசரி 200 நாட், அதாவது மணிக்கு 200 கடல் மைல், இருந்தால் பெரிது. ஆக, ஏறி முடிப்பதற்குள் 50 கடல் மைல் கடந்துவிடும். இறங்குவதற்கு விமானிகள் விரல் விட்டு எண்ணும் கணக்கு ஒன்று உண்டு: 1,000 அடி இறங்க 3 கடல் மைல். கிட்டத்தட்ட 3 டிகிரிச் சரிவு அது. 15,000 அடிக்கு 45 கடல் மைல். ஐம்பதும் நாற்பத்தைந்தும் தொண்ணூற்றைந்து. மொத்தத் தூரமே 99.

மிச்சம் எவ்வளவு? நாலு கடல் மைல். நீ நம்பிய 500 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விமானம் சமமாகப் பறப்பது இந்த நாலு கடல் மைலில்தான். ஒரு நிமிடம்கூட முழுதாகத் தேறாது. ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிடுகிறது. உறையூரிலிருந்து தில்லைநகர் போகிறவன் ஸ்கூட்டரை நாலாவது கியரில் எத்தனை நேரம் ஓட்டுவான், சொல்.

இதனால்தான் இந்த மாதிரி குட்டித் தடத்தில் ஜெட் விட்டாலும் பெரிய லாபம் இல்லை. மணிக்கு 830 கிலோமீட்டர் போகிற ஏர்பஸ்ஸை விட்டால் காகிதத்தில் 13 நிமிடம் வரும். அதுவும் ஏறவேண்டும், இறங்கவேண்டும். நிஜத்தில் சில நிமிடம் மிஞ்சினால் அதிகம், எரிபொருள்தான் கூடுதலாக எரியும். இதே திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போ, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். அதே ஏர்பஸ் வேகத்தில், உன் வகுத்தல் கணக்கில் 3 மணி 37 நிமிடம். டிக்கெட்டில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும். அங்கே உன் கணக்கு கொஞ்சம்தான் தவறும். பலாலிக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு தவறுகிறது. தூரம் குறையக் குறைய, தூரத்தை வைத்து நேரம் சொல்வது அபத்தமாகிக்கொண்டே போகும்.

ஏறுவது 15 நிமிடம், சமமாக ஒன்று, இறங்க 14. ஆக 30. இன்னும் 30 நிமிடம் பாக்கி என்கிறாயா? அதற்குக் காற்றிடம் போகவேண்டும்.

போன ஆடியில் நான் பலாலிக்குப் போய்வந்தேன். உன் அம்மா சொல்லியிருப்பாள். சன்னலோர இருக்கை, கையில் பழைய எச்.எம்.டி. வாட்ச், மடியில் டைரி. பக்கத்தில் இருந்தவர் என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்துக்கொண்டார். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் அதற்குப் பெயர் 09, மேற்கு நோக்கினால் 27. 90 டிகிரி, 270 டிகிரி, பூஜ்யத்தைத் தட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆக, நாங்கள் கரூர் பக்கம் பார்த்து ஓடி எழும்பினோம். யாழ்ப்பாணம் இருப்பதோ தென்கிழக்கில், 126 டிகிரியில்! கல்யாணத்துக்குக் கிழக்கே போகவேண்டியவன் மேற்கே போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த கதை. சாய்ந்து, திரும்பி, 144 டிகிரி வளைந்த பிறகுதான் மூக்கு சரியான திசைக்கு வந்தது.

அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது. 05, 23 என்று பெயர். இதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. யாழ்ப்பாணத்தார் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டிருக்கிறாயா? தென்மேற்கிலிருந்து வருவது சோளகம், மார்கழிப் பக்கம் வடகிழக்கிலிருந்து வருவது வாடை, மேற்கே கச்சான், கிழக்கே கொண்டல். இதில் சோளகமும் வாடையும் ஆண்டைப் பங்கு போட்டுக்கொள்ளும் பெரிய காற்றுகள். அந்த இரண்டின் முகத்தைப் பார்த்துத்தான் பலாலி ஓடுபாதை கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அதைப் போட்ட ஆங்கிலேயப் பொறியாளர் காற்று அட்டவணையைப் பார்த்துத்தான் கோடு கிழித்திருப்பார். மயிலிட்டித் துறையில் நிற்கும் ஒரு கரையாரைக் கேட்டிருந்தால் கையை நீட்டியே காட்டியிருப்பார்.

ஆடி என்பதால் அங்கே சோளகம். விமானம் தென்மேற்கைப் பார்த்து இறங்கவேண்டும். நாங்களோ வடமேற்கிலிருந்து வருகிறோம். நேரே போய் இறங்க முடியாது. கடல் மேலேயே கொஞ்சம் தள்ளிப் போய், வலப்பக்கம் நூறு டிகிரிக்கு மேல் வளைந்து, அப்புறம்தான் ஓடுபாதை. என் டைரியில் உள்ளது இது: சக்கரம் நகர்ந்ததிலிருந்து தரையை விட்டு எழும்பும் வரை 11 நிமிடம், எழும்பியதிலிருந்து தரை தொடும் வரை 36, தொட்டபின் நிற்கும் வரை 4. மொத்தம் 51. அந்த 30-க்கு மேல் கூடிய 6 நிமிடமும் இந்த வளைவுகளில்தான் கரைந்தது.

மிச்ச 9 நிமிடம் கம்பெனிக்காரர்களின் கைக்காவல். விமானக் கால அட்டவணையில் போடுவது பறக்கும் நேரம் அல்ல கண்ணு. சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து அங்கே மறுபடி கட்டை வைக்கும் வரை ஆகும் நேரம். பிளாக் டைம் என்பார்கள். அதில் வரிசையில் காத்திருப்பது, சென்னை வான்பகுதிக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்பு வான்பகுதிக்குக் கைமாறுவது, ஓடுபாதையின் கோடி வரை உருண்டு போய்த் திரும்புவது எல்லாம் அடக்கம். நம் ரயில்காரர்கள் தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவில் தாராளமாக நேரம் போட்டு வைப்பார்களே, அதே வித்தை. விழுப்புரத்தில் தாமதமான வண்டி எழும்பூருக்கு நேரத்தோடு வந்துவிடும்.

ஆக, 38 நிமிடம் எங்கும் தொலைந்து போகவில்லை. உன் 22 நிமிடம்தான் எங்கும் இல்லாதது.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் புளியஞ்சோலைக் கிழவர் நினைவுக்கு வந்துவிடுவார்.

எண்பதுகளில் மாணவர்களை அழைத்துக்கொண்டு கொல்லிமலை அடிவாரத்துக்குப் போயிருந்தேன். புளியஞ்சோலையிலிருந்து மலையேறி ஆகாய கங்கைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. அடிவாரத்தில் விறகுக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் "மேலே எவ்வளவு தூரம் ஐயா?" என்று கேட்டேன். "ஏறணும்னா நாலு மணி நேரம். எறங்கணும்னா ரெண்டரை" என்றார். மாணவன் ஒருவன் சிரித்துவிட்டான். "ஏறினாலும் எறங்கினாலும் தூரம் ஒண்ணுதானே தாத்தா, எத்தனை கிலோமீட்டர்?" பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது யாருக்கு வேணும்?" என்றார்.

அன்று நானும் சிரித்தேன். இரவு விடுதியில் படுத்தபிறகுதான் வெட்கமாக இருந்தது. பூகோளம் படித்தவன் நான். அவர் சொன்னதுதான் பூகோளம். அந்தப் பாதையில் நடக்கிறவனுக்கு வேண்டிய உண்மை கிலோமீட்டரில் இல்லை. ஏற்றம், சுமை, வழியில் தண்ணீர், பிற்பகல் மழை எல்லாவற்றையும் உள்ளடக்கி அவர் ஒரே எண்ணில் சொல்லிவிட்டார். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு எண் சொன்னதுதான் அதில் நுட்பம்.

நம் பழைய அளவைகளில் 'நாழிகை வழி' என்று ஒன்று இருந்தது. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் எவ்வளவு போகலாமோ அவ்வளவு வழி. சாதாரண நடைக்கு இரண்டு கிலோமீட்டர் வரும். பள்ளிக்கூடங்களில் இதைப் பற்றிச் சொல்லும்போது, ஏதோ அளவுகோல் கண்டுபிடிக்கத் தெரியாத காலத்தின் கைவேலை மாதிரி ஒரு தொனியில் சொல்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். கோல் இல்லாமலா? நிலத்தைக் கோல் வைத்து அணு அணுவாக அளந்து கல்லில் வெட்டியவர்கள் நம் ஆட்கள். தஞ்சைப் பக்கக் கல்வெட்டுகளில் நிலத்தின் மாவும் காணியும் முந்திரியும் எத்தனை பொடியாகப் பகுக்கப்பட்டிருக்கின்றன என்று ஒருநாள் உனக்குக் காட்டுகிறேன். வரி வாங்க நிலத்தைக் கோலால் அளந்தார்கள்; பயணத்தை நேரத்தால் அளந்தார்கள். இரண்டுக்கும் இரண்டு கருவி வேண்டும் என்று தெரிந்தே செய்தது இது என்பது என் கட்சி. நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. 'காதம்' என்பதற்கு ஊருக்கு ஊர் ஒரு கணக்கு இருப்பதைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பார்கள். ஊருக்கு ஊர் மாறாமல் என்ன செய்யும்? மணல் காடும் நன்செய் வரப்பும் ஒரே நடையா?

'கூப்பிடு தூரம்' என்கிறோம். அதில் குரல் எட்டுமா என்பதுதான் அளவு. 'ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்' என்று வழி சொன்னவர்கள் என் சின்ன வயதில் இருந்தார்கள். அவர்களிடம் போய் உன் 184-ஐச் சொன்னால் புளியஞ்சோலைக் கிழவர் பார்த்த மாதிரிதான் பார்ப்பார்கள்.

விமானக் கம்பெனி பிளாக் டைம் என்று இன்று செய்வது இதைத்தான். டிக்கெட்டில் 184 கிலோமீட்டர் என்று எங்காவது அச்சடித்திருக்கிறதா, தேடிப் பார். இருக்காது. ஒரு மணி நேரம் என்றுதான் இருக்கும். ஒரு மணி நேரம் என்றால் இரண்டரை நாழிகை. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் இரண்டரை நாழிகை வழி. இதை நான் சொன்னால் உன் இயற்பியல் ஆசிரியர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

நேரத்தால் அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கடிகாரம் ஒழுங்காக இருக்கவேண்டும். 1996-இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை நம்மைவிட அரை மணி நேரம் முன்னே இருந்தது. அப்போது திருச்சியிலிருந்து கொழும்பு போகிறவருக்கு டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம், திரும்பி வரும்போது அரை மணி நேரம் என்பது போலத் தெரியும். எங்கள் துறையிலேயே ஒருவர் "வரும்போது காற்று தள்ளுகிறது" என்று வகுப்பில் விளக்கம் கொடுத்தார். காற்றுக்கு அவ்வளவு பலம் இருந்தால் எஞ்சினே வேண்டாம். இப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், உனக்கு அந்தக் குழப்பம் இல்லை.

கடல் மைல் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், மறந்துவிட்டேன். சென்னை–பலாலித் தடத்தைப் பாடப்புத்தகத்தில் போடவேண்டும் என்று யாரிடமாவது சொல்ல ஆசை. இரண்டு விமான நிலையங்களும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், 80 டிகிரிக்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கின்றன. அட்சரேகை வித்தியாசம் 3 டிகிரி 11 கலை. ஒரு டிகிரிக்கு 60 கலை. ஒரு கலை ஒரு கடல் மைல். ஆக 191 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கு, 354 கிலோமீட்டர். முக்கோணவியல் வேண்டாம், செல்போன் வேண்டாம், விரலே போதும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் உன் அத்தை வீட்டுக்கு அந்தக் காலத்தில் எப்படிப் போனார்கள் என்று உன் அப்பாவைக் கேட்டுப் பார். 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்தக் காங்கேசன்துறை நிறுத்தம்தான் இன்றைய பலாலி. எழுபதுகளின் கடைசியில் இந்தியாவுக்கான விமானம் நின்றது, பிறகு போர். நாற்பதாண்டு அளவில் இந்தியாவுக்கு விமானம் இல்லை. 2019 அக்டோபர் 17-இல் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் வரத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. நம் திருச்சிக்கு 2025 மார்ச் 30-இல்தான் வழி பிறந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் திருச்சிக்காரன் யாழ்ப்பாணம் போக என்ன செய்தான்? விமானத்தில் கொழும்பு, 417 கிலோமீட்டர். அங்கிருந்து சாலையில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வரவேண்டும், அதுவும் ஏ9 சாலை திறந்திருந்தால். கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறை 55 கிலோமீட்டர்தான். நடுவில் இருப்பது வெறும் கடல். உன் 184 கிலோமீட்டர் அன்றும் 184 கிலோமீட்டர்தான், ஒரு அங்குலம் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் அன்று அது இரண்டரை நாழிகை வழியாக இல்லை. அறுபது நாழிகை வழி, ஒரு முழு நாள். சாலை மூடிவிட்டால் நாழிகை எண்ணுவதே வீண். கிழவர் கேட்ட "அது யாருக்கு வேணும்?" எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அரையாண்டு விடுமுறையில் நீங்கள் எல்லோரும் அத்தை வீட்டுக்குப் போகப் போவதாக உன் அம்மா சொன்னாள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறதே, அதில் போகலாமா என்றும் கேட்டாள். 60 கடல் மைல், நாலு மணி நேரம் அளவில் ஆகும். எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆனால் வாடைக் காலத்தில் அதை நிறுத்திவிடுவார்கள், விமானமே வசதி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே வரச்சொல்வார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரக் காத்திருப்பு. அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு உதவி செய். நீ போவது மார்கழியில். காற்று கிழக்கிலிருந்து வரும். திருச்சியில் 09-இல் கிழக்கே எழும்பினால் வெறும் 36 டிகிரிதான் திரும்பவேண்டியிருக்கும், நான் திரும்பிய 144 அல்ல. பலாலியில் வாடையைப் பார்த்து 05-இல் இறங்குவீர்கள். போகும்போது என் 36 நிமிடம் உனக்கு 33 ஆகுமா என்று பார்க்கவேண்டும். நாலு நேரம் குறித்துக்கொள்: சக்கரம் நகர்ந்தது, தரையை விட்டது, தரையைத் தொட்டது, நின்றது. திரும்பி வரும்போதும் அதே நாலு. செல்போன் வேண்டாம், கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போ. உன் சொந்தத் தாத்தாவின் வாட்ச் இன்னும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். எட்டு எண்ணையும் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் வாத்தியார் தாத்தா